கால்மணி முன்னால் ஓடிய கம்ப்யூட்டர்

எங்கள் அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் காட்டும். பழுது ஒன்றும் இல்லை. முதலாளி அண்ணாச்சி வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். அவர் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சும் அப்படித்தான், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் டைம்பீஸும் அப்படித்தான். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு வலைக்கடைக்கு மாடியில், இரண்டே அறைகள் கொண்ட அலுவலகம் எங்களுடையது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளுக்கு வேண்டிய தாள்களைத் தயார் செய்து கொடுப்பது தொழில். வெங்காயமோ செங்கல்லோ, எங்கள் தாளில் ஏறாத சரக்கு துறைமுகத்தை விட்டு நகராது.

"லாரிக்காரன் அஞ்சு மணிக்கு வாரேம்பான், அஞ்சேகாலுக்கு வாரான். அதுக்குள்ள துறைமுகத்துல கேட்டை அடைச்சிருதாவ. நம்ம மணியப் பாத்தாவது ஓடுதானான்னு பாப்போம்" என்பது அண்ணாச்சியின் கட்சி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதற்காக அவரோடு சண்டை போட்டேன். பொய் சொல்லும் மனிதர்களைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும், பொய் சொல்லும் கடிகாரத்தைப் பொறுக்க முடியாது. விஷயம் தெரிந்தவன் மனதுக்குள் கால்மணியைக் கழித்துக்கொள்கிறான். தெரியாதவன் மூச்சு வாங்க ஓடிவந்து, பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறான். இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். "ஓடி வந்தவன் வந்து சேந்துட்டாம்லா. அதான் லாபம்" என்றார். மாதம் ஒரு முறையாவது நான் அதைப் பற்றி முணுமுணுப்பேன். அவர் காதில் விழாததுபோல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். பதினொரு வருடம் இப்படியே போனது.

எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத். கல்யாணமாகித் தூத்துக்குடி மில்லர்புரத்துக்கு வந்தேன். டைப் அடிக்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் முறைத்துக்கொண்டால் மற்றவர்கள் கையைக் கட்டி நிற்பார்கள், நான் அதைத் திரும்ப முறைப்பேன். அந்த ஒரே தகுதியில் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் ஆள் ஆகிவிட்டேன். பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மின்விசிறி சத்தம் போட்டாலும் என்னைத்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், சரக்குப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருளை மாற்ற வேண்டி வந்தது. புதியது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். இன்னொன்று வாங்குவோம் என்றேன், அண்ணாச்சி அசையவில்லை. சரி என்று இருந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே லினக்ஸ் ஓடும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, ஊரார் மொழியில் ஒரு வெர்ச்சுவல் மெஷினை, அமைத்தேன். வெளியே ஒரு கம்ப்யூட்டர், அதன் வயிற்றுக்குள் இன்னொன்று. அண்ணாச்சிக்கு அதைப் புரியவைக்கச் சிரமமே இல்லை.

"அப்ப வீட்டுக்குள்ள ஒரு ரூமை வாடகைக்கு விட்டிருக்க. அப்படித்தானளா?"

"ஆமா அண்ணாச்சி."

"தண்ணி, கரண்டெல்லாம்?"

"வீட்டுக்காரர்தான் குடுப்பாரு."

"குடுக்கட்டும், குடுக்கட்டும்" என்று சிரித்தார்.

வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே போக வர ஒரு ஆள் வேண்டும். அதற்கென்று உள்ளே ஒரு துணை மென்பொருளைப் போடுவார்கள். கெஸ்ட் டூல்ஸ் என்று பெயர். வெளியே இருக்கும் ஃபோல்டரை உள்ளே காட்டுவது, அங்கே நகல் எடுத்ததை இங்கே ஒட்ட விடுவது எல்லாம் அதன் வேலை. இன்னும் சில எடுபிடி வேலைகளையும் அது செய்யும். அவை என்னென்ன என்று நான் முழுதாகப் படிக்கவில்லை. படித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒரு மே மாத வெள்ளிக்கிழமையைப் பற்றி. காற்றுக்காலம் தொடங்கும் முன்பு தோணிகள் கடைசி நடை போகும் சமயம். அந்த வாரம் முதல் சரக்குப் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கையில் கொண்டுபோகக் கூடாது, மென்பொருளில் இருந்தே இணையம் வழியாகத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அதற்காக வியாழக்கிழமை மாலை, அதுவரை வெளியுலகமே பார்க்காமல் கிடந்த அந்த லினக்ஸுக்கு இணைய இணைப்புக் கொடுத்தேன். கொடுத்த கையோடு அப்டேட்டும் போட்டேன். எனக்குக் கை சும்மா இருக்காது. எல்லாம் ஓடி முடிந்து புதிதாக எழுந்து நின்றதைப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்குத் தண்டல் வந்தார். தோணியை ஓட்டிப் போகும் தலைவரை இங்கே தண்டல் என்போம். கடற்கரை ஊரான மணப்பாட்டுக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது, வாசலை அடைக்கும் உடம்பு, குரல் மட்டும் கோயில் பாடகர் போல மெலிது. அவருடைய தோணியில் காய்கறியும் முட்டையும் ஏறியாகிவிட்டது. ஐந்து மணிக்குள் எங்கள் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டால் அன்று சாயங்காலமே கிளம்பலாம். மறுநாள் அரசு விடுமுறை, அடுத்த நாள் ஞாயிறு. இன்று தவறினால் திங்கட்கிழமைதான்.

"திங்கக்கிழமை ஆச்சுன்னா நான் திரும்பி வரது பிந்திரும் தங்கச்சி" என்றார். "வார ஞாயிறு இல்ல, அதுக்கடுத்ததும் இல்ல, அதுக்கும் அடுத்த ஞாயிறு என் கடைக்குட்டிக்குப் புதுநன்மை."

நாங்கள் வேறு சபை என்றாலும், கடற்கரையில் வேலை பார்ப்பவளுக்குப் புதுநன்மை என்றால் என்னவென்று தெரியாமல் இருக்குமா? பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவத்தி, ஊரெல்லாம் விருந்து. தண்டலுக்கு மூன்று பெண்கள். முதல் பெண்ணின் புதுநன்மையின்போது அவர் நடுக்கடலில் இருந்தார். இரண்டாவது பெண்ணுக்கும் இருக்கவில்லை. மூன்றாவதற்கு இருப்பேன் என்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

"அரை மணி நேர வேலை அண்ணே. உக்காருங்க" என்றேன் பெருமையாக.

மென்பொருளைச் சொடுக்கினேன். திறக்கவில்லை. மறுபடி சொடுக்கினேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றிவிட்டு மறைந்தது. சரக்கு விவரங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தேடினால் அதையும் காணவில்லை. மென்பொருள் விற்றவர்களுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்து, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்றார். போட்டேன் என்றேன். இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் என்றார். நல்ல வார்த்தையில் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, கெட்ட வார்த்தையை வைத்த பிறகு சொன்னேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே ஒவ்வொரு சேவையும் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்த்ததில், கெஸ்ட் டூல்ஸ் இருந்த வரி சிவப்பாக வந்தது. தொடங்க முடியவில்லை என்றது. ஏன் என்று பதிவேட்டைப் புரட்டினேன். காரணம் நான்தான். வியாழன் மாலை போட்ட அப்டேட்டில் லினக்ஸின் மையமான கெர்னல் புதிதாக மாறிவிட்டது. கெஸ்ட் டூல்ஸோ பழைய கெர்னலுக்கு அளவெடுத்துச் செய்தது. புதுப் பூட்டுக்குப் பழைய சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறது. பொதுவாக அது தானாகவே புதுச் சாவி செய்துகொள்ளும். அதற்கு வேண்டிய கெர்னலின் தலைப்புக் கோப்புகள் அந்த அப்டேட்டோடு வந்திருக்கவில்லை.

"எங்கன பிடிச்சிருக்கு?" என்று தண்டல் கேட்டார். தோணி எஞ்சினைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டார்.

"பிடிச்சாச்சு அண்ணே. கொஞ்சம் சாமான் இறக்கணும். அவ்வளவுதான்."

இணையம் அன்றைக்கென்று நொண்டியது. தலைப்புக் கோப்புகள் துளித்துளியாக இறங்கின. அண்ணாச்சி மூன்று முறை வந்து திரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாததால் மூன்று முறையும் "ஜரூரா நடக்கட்டும்" என்று சொல்லிப் போனார். எல்லாம் இறங்கியதும் கெஸ்ட் டூல்ஸை மறுபடி கட்டச் சொன்னேன். கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டபடி வேலை பார்த்தது. நான்கு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் பச்சை வரி வந்தது. ஓடுகிறது என்றது. ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தது. மென்பொருளைச் சொடுக்கினேன், திறந்தது. தண்டல் சிலுவை போட்டுக்கொண்டார். நான் காலரை உயர்த்தாத குறை.

அந்தப் பெருமை இரண்டு நிமிடம் நிலைத்தது. முதல் பக்கத்தை நிரப்பி முடிக்கும் முன்பே மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால், உரிமம் செல்லாது என்றது. மறுபடி சொடுக்கினேன், திறந்தது. பக்கத்தை நிரப்பப் போனேன், மூடிக்கொண்டது. இப்படி ஐந்தாறு முறை. பயந்தவன் கதவைத் திறந்து பார்த்துச் சாத்துவதுபோல் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறி, மவுஸை மேசையில் ஓங்கி வைத்தேன்.

"ஏளா, அது என்ன செய்யும்? மெதுவா" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி!"

முதலாளியிடம் பேசும் பேச்சா இது? எனக்கே தெரிந்தது. அவர் தண்டலுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மென்பொருள் தனக்கென்று எழுதி வைத்திருந்த பதிவேட்டைத் திறந்தேன். ஒரே குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப இருந்தது: கடிகாரம் பின்னால் நகர்த்தப்பட்டுள்ளது. உரிமக் காலத்தை ஏமாற்ற யாரோ நேரத்தைத் திருப்புகிறார்கள் என்று அதற்குச் சந்தேகம். யார் திருப்பினார்கள்? நான் தொடவே இல்லையே. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு பதிமூன்று. அடுத்த வரி, நாலு இருபத்தெட்டு. அடுத்தது, நாலு பதினான்கு. அதற்கடுத்தது, நாலு இருபத்தொன்பது. நேரம் முன்னும் பின்னும் குதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குதிப்பும் பதினைந்து நிமிடம்.

பதினைந்து நிமிடம்.

மெதுவாகத் தலையை உயர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்காலைத் தாண்டியிருந்தது. கைப்பேசியில் நாலரைதான் தாண்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கேயும் நாலே முக்கால். கெஸ்ட் டூல்ஸின் எடுபிடி வேலைகளில் ஒன்று, வீட்டுக்காரரின் நேரத்தைக் குடியிருப்பவருக்குச் சொல்வது. இத்தனை வருடமும் உள்ளே இருந்த லினக்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு கால்மணி முன்னாலேயே வாழ்ந்திருக்கிறது. வேறு யாரும் நேரம் சொல்லாததால் பிரச்சினை இல்லை. நேற்று நான் இணையத்தைக் கொடுத்தேன். இணையம் சரியான நேரத்தைச் சொல்கிறது. கெஸ்ட் டூல்ஸ் விழித்ததும் அண்ணாச்சியின் நேரத்தைச் சொல்கிறது. ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, நடுவே அந்த மென்பொருள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று கதவைச் சாத்துகிறது.

"அண்ணாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே வலைக்கடையில் பேச்சு நின்றது. "பதினோரு வருசமா சொல்லுதேன், கேட்டியளா? உங்க கடிகாரம் கம்ப்யூட்டருக்குள்ளயும் புகுந்துட்டு! அதான் அண்ணனோட பேப்பர் நிக்கிது!"

அண்ணாச்சி பதறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"சரிளா. அதுக்குள்ள கொண்டு வச்சது யாரு?"

நான்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டருக்குப் புதுத் திரை வந்த அன்று, இதிலேயும் நம்ம மணியை வைக்க முடியுமா என்று அவர் ஏதோ ஆசையாகக் கேட்டார். இதென்ன பிரமாதம் என்று தானாகச் சரியாகும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு சொடுக்கில் வைத்துக் காட்டினேன். அவர் வியந்து பார்த்தார், எனக்கும் மனது குளிர்ந்துபோனது. அதன் பிறகு அது அப்படி இருப்பதையே மறந்துவிட்டேன். கடிகாரத்தைத் திட்டிய பதினொரு வருடத்தில் நான்கு வருடம் என் கைவேலையும் அதில் சேர்த்தி. தண்டல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உள்ள இருக்கவனுக்கும் நம்ம மணியையே நிலையா வச்சிரு. பேப்பர அனுப்பு" என்றார் அண்ணாச்சி.

"முடியாது அண்ணாச்சி. துறைமுகத்துல சரியான நேரம் பாப்பாவ. இன்னும் வராத நேரத்துல கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுத்துக்கிட மாட்டாவ."

அவர் சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார். பெரிய மனது செய்து, "சரி, திருப்பு. கம்ப்யூட்டர்ல மட்டும்" என்றார்.

திருப்பினேன். திரையின் மூலையில் நேரம் கால்மணி பின்னால் வந்து நின்றது. உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரம். மென்பொருளைச் சொடுக்கினேன். உரிமம் செல்லாது என்றது மறுபடியும். பதிவேட்டைப் பார்த்தேன். கடைசியாக அது திறந்தபோது பார்த்த நேரம் நாலு நாற்பத்தாறு என்று எழுதி வைத்திருக்கிறது. இப்போது உண்மையான மணி நாலு முப்பத்துமூன்று. அதன் கணக்கில் நாங்கள் இன்னும் கடந்த காலத்தில் நிற்கிறோம். உண்மையான நேரம் நாலு நாற்பத்தாறைத் தாண்டினால்தான் சமாதானமாகும். அதாவது நாங்கள் முன்கூட்டியே ஓட்டிவிட்ட பதிமூன்று நிமிடத்தை இப்போது உட்கார்ந்து கழிக்க வேண்டும். அவசரப்பட்டு எதையும் தொடக் கூடாது.

"ஒண்ணும் செய்ய வேண்டாமா?" என்றார் தண்டல் நம்பாமல்.

"ஒண்ணுமே செய்யக் கூடாது அண்ணே."

எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி டீயும் பருப்பு வடையும் வரவழைத்தார். தண்டலின் கைப்பேசி அடித்தது. கடைக்குட்டிதான். அறை சின்னது, குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, கிளம்பிட்டியளா?"

"இன்னும் கொஞ்ச நேரம் மக்கா. கம்ப்யூட்டர் கொஞ்சம் படுத்துட்டு. அத்தை எழுப்பிக்கிட்டு இருக்காவ."

"வந்துருவியளா?"

"வந்துருவேன்."

வடையைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ரெண்டாவது பிள்ளைக்கு நான் கடல்ல இல்ல தங்கச்சி. காலையிலயே கரைக்கு வந்துட்டேன். முடி வெட்டி, குளிச்சு, புதுச் சட்டை வாங்கிப் போட்டுட்டுப் போவோம்னு போனேன். நான் போவயில பூசை முடிஞ்சி எல்லாரும் வெளியே வாராவ. பிள்ள என்கூட நின்னு போட்டோ எடுத்துச்சு. அந்தப் போட்டோவ நான் இன்னும் பாக்கல." அவருடைய மெலிந்த குரல் இன்னும் மெலிந்தது. என் வடையைத் தட்டிலேயே வைத்தேன்.

அதற்குள் கீழே இருந்து தோணி ஆட்கள் கூப்பிட்டார்கள். அதே நேரம் கைப்பேசி மறுபடி அடித்தது. இந்த முறை அவர் மனைவி. "பேசிக்கிட்டு இருங்க அண்ணாச்சி" என்று கைப்பேசியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு மாடி வராந்தாவுக்குப் போய், முதுகைக் காட்டி நின்று, தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் கத்தியதற்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாத மனிதர் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

நாலு நாற்பத்தாறு வந்தது. பயத்தில் இன்னும் ஒரு நிமிடம் விட்டேன். நாற்பத்தேழுக்குச் சொடுக்கினேன். திறந்தது. மூடவில்லை. அதன் பிறகு நான் விசைகளைத் தட்டிய வேகத்தில் விரல் நகம் ஒன்று உடைந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, இத்தனை மூட்டை, இத்தனை பெட்டி. நாலு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினேன். நாலு ஐம்பத்தாறுக்கு ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. மேலே வந்து நின்ற தண்டல், கோயிலில் மாதா சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்வதுபோல், கம்ப்யூட்டர் திரையைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் தோணி கிளம்பியது.

அடுத்த இரண்டு வாரமும் எனக்கு அதே நினைப்பு. மாலத்தீவில் சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் தாமதம் என்று செய்தி வந்தது. பிறகு கிளம்பிவிட்டது என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தோணி துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டுவிட்டது. ஞாயிறு விடிந்து அதிகாரிகள் ஏறிப் பார்த்தபிறகுதான் ஆட்கள் இறங்க முடியும். புதுநன்மைப் பூசை மணப்பாட்டில், காலை ஏழரைக்கு. எங்களுக்கு வந்த அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

அண்ணாச்சியும் நானும் அவர் காரில் போனோம். ஐந்தரைக்கு வருகிறேன் என்றவர், சொல்ல வேண்டுமா, ஐந்தேகாலுக்கே என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். மேட்டின் மேல் இருந்த கோயிலுக்கு ஏறும்போது காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. வாசலில் வெள்ளைக் கவுன் போட்ட பெண் பிள்ளைகளும், முழுக்கைச் சட்டை போட்ட ஆண் பிள்ளைகளும் மெழுகுவத்தியோடு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டலின் கடைக்குட்டியை உடனே அடையாளம் தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் கோயிலைப் பார்த்து நிற்க, அது மட்டும் சாலையைப் பார்த்து நின்றது.

ஏழு மணி ஆனது. ஏழு பத்து ஆனது. தண்டலைக் காணவில்லை. அவருடைய மனைவியோ பதற்றமே இல்லாமல் பிள்ளையின் முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். இந்த அம்மாளுக்கு எப்படி மனது வருகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஏழு இருபதுக்கு ஒரு மோட்டார் பைக் கீழே வந்து நின்றது. பின்னால் இருந்து குதித்த தண்டல் மேட்டில் ஓடி ஏறினார். இரண்டு வாரத் தாடி, கசங்கிய சட்டை, பொத்தான் மாற்றிப் போட்டது. கோயிலுக்கு வெளியே கூட்டம் நிற்பதைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. மதில் சுவரில் கையை ஊன்றினார்.

"முடிஞ்சிட்டா? இதும் போச்சா?" என்றார்.

பிள்ளை மெழுகுவத்தியோடு ஓடிவந்தது. "அப்பா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"ஏழு மணிக்குல்லா பூசை?"

"ஏழரைக்கு" என்றார் மனைவி.

"நீதான ஏழுன்னு சொன்ன? போன்ல பேசுத நேரமெல்லாம் சொன்னியே!"

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் சிரிப்பை மறைத்துக்கொண்டு அண்ணாச்சியைக் காட்டினார். "அன்னைக்குப் போன்ல அண்ணாச்சிதான் அப்படிச் சொல்லச் சொன்னாவ. உங்களுக்கு மட்டும்."

தண்டல் அண்ணாச்சியைப் பார்த்தார். அப்படியே மதில் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் வெள்ளைக் கவுனில் அழுக்குப் படாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். "திருச்செந்தூர்ல சலூன் வாசல்ல வண்டிய நிறுத்தச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. இந்த மூஞ்சியோட எப்படிப் போறதுன்னு. மணியப் பாத்தா ஏழாவப் போவுது. அடிச்சுப் பிடிச்சு வந்தேன். ஏழரைன்னு தெரிஞ்சிருந்தா இந்நேரம் அங்கன சோப்புப் போட்டுக்கிட்டு இருப்பேன்."

எனக்கும் அழுகை வந்தது. அடக்க முயற்சி செய்யவில்லை. மணி அடித்தது, வரிசை நகர்ந்தது. தாடியும் கசங்கிய சட்டையுமாக அவர் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிள்ளை அதன் பிறகு சாலையைப் பார்க்கவே இல்லை.

அண்ணாச்சி என்னிடம் கோயிலுக்குள் நுழையும்போது கையைத் திருப்பி வாட்ச்சை மட்டும் காட்டினார். ஏழே முக்கால் காட்டியது.

அலுவலகக் கம்ப்யூட்டர் இன்றுவரை சரியான நேரத்தில்தான் ஓடுகிறது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி தீர்ந்தால் இப்போதெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி நானே மாற்றுகிறேன். மாற்றிவிட்டு, கைப்பேசியைப் பார்த்து, முள்ளைப் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்து இறங்குகிறேன்.